கோட்டிக்கு வயிறு சரியில்லை

நாகையாவின் வளவுக்குள் கால் வைக்கிறவர்கள் அந்தப் பங்குனி மாதத்தில் தரையைப் பார்த்தே நடந்தார்கள். நாரணாபுரத்தின் கிழக்குக் கடைசியில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நீள முற்றம். முற்றத்தில் எந்நேரமும் வெடிக்குழாய் காயும். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவி எடுத்த வெறும் குழாய்கள். மருந்தைக் கம்பெனியில் போட்டுக்கொள்வார்கள். வளவுப் பெண்களின் வேலை குழாயோடு சரி. காய்கிற குழாய்களுக்கும் நடக்கிற கால்களுக்கும் நடுவில், கார்த்திகை மாதத்திலிருந்து கோட்டியின் பேதியும் வந்து சேர்ந்துகொண்டது.

கோட்டி என்பது நாய். செவலை நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி. சிப்பிப்பாறைக் கலப்பு என்று யாரோ சொன்னதை நம்பி முனியராஜ்தான் லாரியில் போட்டுக் கொண்டுவந்தான். அவன் பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். ஊரே வெடியில் பிழைக்க, இந்த நாய் மட்டும் ஓலைவெடிச் சத்தத்துக்கே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொள்ளும். "சிவகாசிப் பக்கம் பெறந்துட்டு வெடிக்குப் பயப்படுதே, கிறுக்கு நாயி, சரியான கோட்டி" என்று மகள் பாண்டிமீனா வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மீனா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போன பிறகு, முனியராஜ் லோடு ஏற்றப் போய்விட்டால் வீட்டில் இருப்பது அவன் மனைவி பாண்டிச்செல்வியும் கோட்டியும்தான். குழாய் உருட்டுகிறபோது கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. செல்வி நாயோடு பேசுவாள். அது முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, காதை மட்டும் ஆட்டிக்கொண்டு கேட்கும்.

பேதி ஒரேயடியாக வந்து ஒரேயடியாகப் போகிற பேதி இல்லை. இரண்டு நாள் நிற்கும். செல்வி மனசைத் தேற்றிக்கொள்வதற்குள் மறுபடி ஊற்றிவிடும். அடுத்த வீட்டு வெள்ளைத்தாய் மாதுளம் ஓட்டை வேகவைத்துக் கொடுக்கச் சொன்னாள். கொய்யாக் கொழுந்தை அரைத்து மோரில் கலக்கச் சொன்னாள். வசம்பைச் சுட்டு இழைக்கச் சொன்னாள். எல்லாம் நடந்தது. மயிர் கொட்டி, விலா எலும்பு தெரிய, கோட்டி தொட்டியடி நிழலிலேயே கிடந்தது.

கடைசியில் ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். டிவிஎஸ் ஃபிப்டியில் முனியராஜ் முன்னால். பின்னால் செல்வி, மடியில் சாக்கு, சாக்குக்குள் கோட்டி. வழியில் ஒரு இடத்தில் சாக்கு நனைந்தது. செல்வி ஆஸ்பத்திரி வாசல் குழாயில் சேலையை அலசிக்கொண்டு உள்ளே வந்தாள்.

டாக்டர் இராமகிருஷ்ணன் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எத்தனை மாசமா?"

"கார்த்திகையில ஆரம்பிச்சது சார்" என்றான் முனியராஜ். "நிக்கும். பெறவு ஊத்திரும்."

"எந்த நிறத்துல போகுது?"

"ஒருநா மஞ்சளா. ஒருநா பச்சையா, பாசி மாதிரி. கொழகொழன்னு சளியும் வரும். ரத்தம் இல்ல சார். நான் தெனமும் குச்சிய வச்சுக் கிளறிப் பாத்துருதேன்."

"பரவாயில்லையே. பெத்த பிள்ளைக்கே இவ்வளவு கவனமா யாரும் பாக்கிறதில்ல."

முனியராஜுக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, குச்சியும் கையுமாக அவன் குனிந்து நிற்பதை வளவே கேலி செய்யும்.

"வயித்தால போறதுக்கு முன்னாடி என்ன செய்யுது? வாந்தி எடுக்குதா?"

இதற்குச் செல்வி முந்திக்கொண்டாள். "மொதல்ல அடிவயித்துல ஒரு இழு இழுக்கும் சார். வாயில வெங்கலத்த நக்குன மாதிரி ஒரு ருசி வரும். தண்ணியா ஊறும். பெறவு நிக்க விடாது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வெங்கல ருசின்னு நாய் சொல்லுச்சாம்மா?"

ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். முனியராஜும் சிரித்தான். செல்வி ஈரச் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சேர்ந்து சிரித்தாள்.

டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். பொடி கொடுத்தார். பால், எலும்பு, எண்ணெய்ச் சாப்பாடு எதுவும் ஆகாது. குழைந்த கஞ்சியும் தயிரும் போதும். ஒரு நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடக்கூடாது. "நீங்க வைக்கிறது போக வேற எதையாவது திங்குதான்னு பாருங்க. நாள்பட்ட பேதிக்குப் பாதி நேரம் காரணம் அதுதான். உங்க ஊர்ல எங்க பாத்தாலும் வெடிமருந்து வேற."

"மருந்து எங்க வளவுக்கே வராது சார். வெறுங்குழாய்தான்" என்றான் முனியராஜ்.

செல்வி டாக்டர் சொன்னபடியே செய்தாள். விடிந்ததும் நாய்க்குக் கஞ்சி வைப்பாள். அதை இறக்கிவிட்டு அதே அடுப்பில் பசை காய்ச்சுவாள். கஞ்சியில் பாதி கோட்டியின் தட்டுக்கு. மீதியை உப்புப் போட்டு அவள் குடித்துக்கொள்வாள். மாதுளம் ஓட்டுத் தண்ணீரும் அப்படித்தான். ஒரு செம்பு காய்ச்சினால் நாய்க்கு அரைச் செம்புதான் போகும். முனியராஜ் ஒருமுறை பார்த்துவிட்டு, "நாய்க் கஞ்சியப் போய்க் குடிக்கியே, கொழம்பு இருக்குல்ல" என்றான்.

"கீழயா ஊத்தச் சொல்றீக? அரிசிதான" என்றாள்.

ஒரு வாரம் தேறியது போலிருந்தது. பிறகு ஒரு மத்தியானம் வெள்ளைத்தாயின் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்த சாக்கின் மேலேயே கோட்டி கழிந்துவிட்டது. வெள்ளைத்தாய் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"மதினி, நானும் எம்புட்டு நாளைக்குப் பொறுக்க? ஒரு குரோஸு, நூத்திச் சொச்சம் குழாய் முச்சூடும் போச்சே! இந்த நாத்தத்தோட ஏஜெண்டு வாங்குவானா?"

"நான் உருட்டித் தாரேன் வெள்ளத்தாயி. கத்தாத."

"நீ உருட்டுவ. உன் மொகத்தக் கண்ணாடியில பாத்தியா? நாய்க்கும் உனக்கும் வித்தியாசமில்லாமப் போயிட்டு. ராவும் பகலும் அதுக்குச் சீரழிஞ்சே நீ தேய்ஞ்சு போற."

நாகையா வந்தார். வளவு அவருடையது. அதிர்ந்து பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொன்னால் மாற்றுச் சொல்லுவது கஷ்டம்.

"முனியராசு, ஆமத்தூர் அய்யாதுரை காட்டுக்கு ஒரு நாய் கேட்டாப்ல. பன்னி வந்து மக்காச்சோளத்த அழிக்காம். காளியம்மன் பொங்கல் கழியட்டும். அதுக்குள்ள இதுக்குச் சரியாயிட்டா இங்கனயே கெடக்கட்டும். ஆகலைன்னா அவரு கொண்டு போயிருவாரு."

"பேதி போற நாய அவரு என்ன செய்வாரு மாமா?"

"காட்டுல போனா உரம்ல" என்றார் நாகையா. சிரிக்காமல்தான் சொன்னார்.

காட்டில் நாயைப் பம்புசெட்டுத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். குழைந்த கஞ்சி யார் வைப்பார்கள்? இருக்கிற இருப்புக்கு ஒரு மாதம் தாங்காது. இது எல்லோருக்கும் தெரியும். செல்வி வெள்ளைத்தாயின் வீணான குழாய்களை அள்ளி முடித்து, முற்றத்தைக் கழுவிவிட்டு, பழையபடி பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு நாயோடும் பேசவில்லை.

காளியம்மன் கோயிலில் பொங்கல் சாட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் வளவில் யாரும் பசை காய்ச்சுவதில்லை. ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிற அடுப்பில் வேலைக்குக் காய்ச்சக்கூடாது என்பது வழக்கம். பசைச்சட்டிகளை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுவரோரமாகக் கவிழ்த்துவிடுவார்கள். கம்பெனிகளும் பூட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க வளைந்தே இருந்த முதுகுகள் அந்தச் சில நாட்கள்தான் நிமிர்ந்து கட்டிலில் சாயும்.

டாக்டர் சொன்ன பத்தியத்தைப் பொங்கலில் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. வளவு முழுக்கக் கறி வெந்தது. ஆளுக்கொரு எலும்பை வீசினார்கள். கொழுக்கட்டை வீசினார்கள். வாண வேடிக்கை நடந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கோட்டி வீடு வீடாகப் போய்த் தின்றது. செல்விக்கு அதைத் தடுக்கத் தெம்பில்லை. 'போறது போகுது, தின்னுட்டாச்சும் போகட்டும்' என்று விட்டுவிட்டாள்.

ஆனால் போகவில்லை. பொங்கலுக்கு மறுநாள் காலையில் குச்சியோடு போன முனியராஜ் முற்றத்தின் மூலையிலிருந்து கூப்பிட்டான். "செல்வி! ஏ செல்வி! இங்கன வா!"

அவள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

"பாத்தியா? கட்டியா இருக்கு."

மறுநாளும் கட்டியாக இருந்தது. அதற்கடுத்த நாள் நாகையாவே வந்து இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "நகைக்கடைக்காரன் தங்கத்தப் பாக்க மாதிரி பாக்காகளே" என்றாள்.

"கஞ்சி குடிச்சாக் கழியுது. கறி தின்னாக் கட்டுது. இது என்ன நாய் மாமா?" என்று தலையைச் சொறிந்தான் முனியராஜ்.

"ஆத்தா கண்ணு தொறந்துட்டாய்யா. அய்யாதுரையிட்ட வரவேண்டாம்னு சொல்லிருவோம். எதுக்கும் ரெண்டு நாள் பாத்துக்கிடுவோம்."

அந்தப் பொங்கலில் செல்வியும் நன்றாகச் சாப்பிட்டாள். கறிக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். பகலில் அசந்து தூங்கினாள். ஆத்தாள் கோட்டிக்குச் செய்ததோடு சேர்த்துத் தனக்கும் எதையோ செய்திருக்கிறாள் என்று நினைத்து, கோயில் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்தது. சீசன் ஆர்டர் நிற்கிறது என்று ஏஜெண்டு மைதாவையும் காகிதக் கட்டையும் இறக்கிவிட்டுப் போனான். முனியராஜின் கம்பெனி இன்னும் திறக்கவில்லை. பொங்கலுக்குத் தேர் இழுத்ததில் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டிலைக் கதவோரமாகப் போட்டுக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு முழுப்பகல் மனைவி வேலை செய்வதைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான்.

செல்வி கவிழ்த்த சட்டியை நிமிர்த்தினாள். மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினாள். கொதி வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீலக் கல்லைத் தட்டிப் போட்டாள். வெள்ளைப் பசை வெளிறிய நீலமாக மாறியது.

"அது என்னது?"

"மயில்துத்தம். முன்ன பேருக்குப் போடுவோம். தீவாளிக்கு அனுப்புன குழாயப் பூராம் குடோன்ல கரப்பானும் எலியும் தின்னுட்டாம். அதுலருந்து ஏஜெண்டு தூக்கலாப் போடச் சொல்லிட்டான்."

"ம்."

அவள் உருட்டத் தொடங்கினாள். ஒரு கை காகிதம் எடுக்கும், மறுகை பசை தொடும், இரண்டும் சேர்ந்து உருட்டும். கண் அங்கே இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பொங்கலுக்கு வாங்கிய சேவு. உருட்டுகிற கையே நடுநடுவே கிண்ணத்துக்குப் போய் வாய்க்கு வந்து மறுபடி பசைக்குப் போனது. மத்தியானம் ஒரு கவளம் சோற்றையும் அப்படியே, விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் தின்றாள்.

"கையக் கழுவிட்டுத் திங்கக் கூடாதா?"

"ஒவ்வொரு வாய்க்கும் எந்திரிச்சுப் போயிக் கழுவிட்டு வந்தா என்னைக்குக் குரோஸ் முடிய? மைதாதான, திங்கிற மாவுதான" என்று சொல்லிவிட்டு, காலியான சட்டியைத் துவைகல் பக்கம் தள்ளிவைத்தாள்.

கோட்டி எழுந்து போய்ச் சட்டிக்குள் தலையை விட்டது. சட்டி தரையில் தடதடவென்று உருண்டது. நக்குகிற சத்தம் கேட்டது.

"ஏ, அது பசையத் திங்குது!"

"அது எப்பவும் நக்கும். தேய்க்கிற சோலி எனக்கு மிச்சம்."

வெயில் தாழ்ந்தது. முனியராஜ் கண்ணயர்ந்து விழித்தபோது கோட்டி தொட்டியடியில் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராக ஊற்றியது. வெள்ளைத்தாய் தன் வீட்டுக்குள்ளிருந்து, "வந்துருச்சுய்யா, மறுபடி வந்துருச்சு" என்றாள். நாகையா எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். ஆமத்தூருக்குத்தான் பேசுகிறார் என்று தெரிந்தது.

செல்வி நாயைப் பார்த்தாள். அழவில்லை. கையிலிருந்த குழாயைக் கம்பியிலிருந்து உருவி வைத்தாள். பிறகு சட்டென்று எழுந்து, அடிவயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, செம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு வளவின் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுப் பக்கம் விறுவிறுவென்று போனாள்.

முனியராஜ் எழுந்து உட்கார்ந்தான். இடுப்பு வலித்தது. பின்வாசலைப் பார்த்தான். துவைகல்லருகே கிடந்த சட்டியைப் பார்த்தான். அடி துடைத்தது போலிருந்தது. விளிம்பில் மட்டும் நீலமாக ஒரு வளையம் காய்ந்திருந்தது. அவள் இப்படிச் செம்பெடுத்துக்கொண்டு போவதை அவன் இதற்கு முன்னும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். விடிகிற நேரம். சோற்றுக்கு நடுவில். அவன் லோடுக்குக் கிளம்பி வண்டியை உதைக்கிறபோது. பார்த்திருக்கிறானே தவிர, ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அவள் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் வியர்வை.

"செல்வி."

"ம்."

"வெங்கல ருசி எப்படி இருக்கும்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் நீலம் ஏறியிருந்தது.

"எம்புட்டு நாளா?"

"கார்த்திகையில இருந்துதான்."

"சொல்லக் கூடாதா?"

"நாய்க்கே ஒருநா சோலி கெட்டுப் போச்சு. நானும் படுத்துக்கிட்டா யாரு உருட்ட?"

"அதுக்காக? நான் பக்கத்துலதான இருந்தேன். டாக்டரு அம்புட்டுக் கேள்வி கேட்டாரு."

"நாய்க்குத்தான கேட்டாரு" என்றாள் செல்வி. "நானும் சேத்துச் சொல்லிட்டேன்."

முனியராஜ் எழுந்தான். சட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தான். நீல வளையம் போகும்வரை தேய்த்தான். பிறகு அதைச் சுவரோரமாகக் கவிழ்த்தான்.

"பொங்கல்தான் முடிஞ்சிட்டே" என்றாள் அவள், களைத்த குரலில். "நாளைக்குக் காய்ச்சணும்."

"காய்ச்சுவோம். இன்னைக்குக் கெடக்கட்டும்."

மறுநாள் காலையில் அய்யாதுரை சங்கிலியோடு வந்து இறங்கினார். முனியராஜ் சட்டியைத் தூக்கிக் காட்டி, துத்தம் போட்ட பசையை நாய் நக்கியதைச் சொன்னான். நாகையாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கையை வைத்துக்கொண்டு, அவரவர் சட்டிகளைப் பார்க்கச் சொல்லி வளவுப் பெண்களைக் கூப்பிட்டார்.

"துத்தமா?" என்றார் அய்யாதுரை. "எலுமிச்சைக்கு நோய் விழுந்தா நாங்க அடிப்போமே, அதுவா? அதத் தின்னுட்டா இத்தன மாசம் நிக்கு? கெட்டி நாய்யா. எனக்கே குடுத்துருங்க."

"இல்ல அண்ணாச்சி. குடுக்கதா இல்ல" என்றான் முனியராஜ்.

நாகையா ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு நின்றார். "ரெண்டு நாள் பாப்பம்னு நாந்தான சொன்னேன். ஒரு வாரமாப் பாப்போம்" என்றார். அய்யாதுரை காப்பியைக் குடித்துவிட்டுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கும் போய் வந்தார்கள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் முனியராஜே பதில் சொன்னான். எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டபோது அவன் வாயைத் திறப்பதற்குள் செல்வி அவன் கையைக் கிள்ளினாள். துத்தம் பட்ட கையோடு எதையும் தொட்டுச் சாப்பிடக்கூடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

துத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று ஏஜெண்டிடம் கேட்டதற்கு, கரப்பான் கடித்த குழாய் திரும்பி வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டான். ஆகவே பசை நீலமாகத்தான் காய்ந்தது. சட்டி மட்டும் கோட்டிக்கு எட்டாத உயரத்தில், கூரைக் கட்டையில் ஒரு கொக்கியில் தொங்கியது. வளவில் எல்லா வீட்டிலும் கொக்கி அடித்தார்கள். வெள்ளைத்தாய், "எனக்கும் தீவாளிக்குப் பெறகு என்னமோ பண்ணுதுன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று செல்வி அவளைக் கேட்கவில்லை.

நாகையா கொடுத்த ஒரு வாரம் முடிகிற அன்று முனியராஜும் அவரும் குச்சியோடு முற்றத்து மூலையில் குனிந்து நின்றார்கள்.

"கெட்டிதான்" என்றார் நாகையா. "சரி, கெடக்கட்டும். வெளக்கமாத்த மட்டும் கைப்பக்கம் வச்சுக்கோங்க."

கம்பெனி திறந்துவிட்டது. ஆனால் மத்தியானம் லோடு இல்லாத நாட்களில் முனியராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான். அன்றும் வந்தான். வெயில் ஓட்டைப் பிளந்தது. செல்வி பலகைக்கு முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை பசை. சாயங்காலத்துக்குள் ஏஜெண்டு வருவான், எழுந்தால் முடியாது. பக்கத்தில் சோறு மூடியபடி இருந்தது.

முனியராஜ் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தான். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கை. உருண்டை பெரிதாக வந்தது. பாதியைத் தட்டிலேயே போட்டுவிட்டு நீட்டினான்.

"வாயத் தொற."

"சும்மா இருங்க. யாரும் பாத்தாச் சிரிப்பாக."

"யாரு பாக்கா? கோட்டிதான் பாக்கு."

தொட்டியடியில் படுத்திருந்த கோட்டி பெயரைக் கேட்டு ஒரு காதை மட்டும் ஆட்டியது. செல்வி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள். கை நிற்கவில்லை, உருட்டிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தாள்.

அவன் ஊட்டிவிட்டு, அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ருசி எப்படி இருக்கு?"

அவள் நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தாள். மென்று விழுங்கினாள். மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றாள்.